தைப்பூசத்துக்கு மறுநாள்

அவருடைய முகத்தைவிடப் பிடரிதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தடித்து, இரண்டு மடிப்பு விழுந்த பிடரி. ஏர்கான் குளிரில் நாங்கள் எல்லாரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அந்த மடிப்புகளில் வியர்வை நிற்கும். மலேசியாவில் மசாயிலிருந்து கிளம்பி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால், டிரைவருக்கு நேர்ப் பின்னால் இருக்கும் சீட்டை எனக்கென்று விட்டுவிட்டார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர அதற்கும் மேலே. என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

பெயர் யாருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை. எங்களுக்கு அவர் அண்ணே, சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அபாங். என் போனில் ‘பஸ் அண்ணே’ என்று போட்டு வைத்திருந்தேன். அவருக்கு நாங்கள் எல்லாரும் தங்கச்சி. ஓய்வு பெறும் வயதில் இருந்த மே லிங் ஆண்ட்டியும் தங்கச்சிதான்.

காலையில் படியேறும்போது வணக்கம், நலமா எதுவும் கிடையாது. “நேத்து வீட்ல என்னா சமையல்?” என்றுதான் கேட்பார். ஆட்டிறைச்சி என்று சொன்னால் முகம் மலரும். எந்தக் கடையில் வாங்கியது, தொடையா, விலாவா, உருளைக்கிழங்கு போட்டதா, போடாததா என்று விசாரணை நீளும். நான் ஒருநாள் புடலங்காய்க் கூட்டு என்று சொல்லிவிட்டேன்.

“ஐயோ பாவம். வீட்ல சண்டையா தங்கச்சி?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் பக்கம் அசைவத்துக்கு மச்சம் என்று பெயர். மச்சம் இல்லாத சோற்றை அவர் சோற்றுக் கணக்கில் சேர்க்க மாட்டார். “எறச்சி இல்லாத சோறு டீசல் இல்லாத பஸ்ஸு லா. தள்ளித்தான் கொண்டு போவணும்” என்பார்.

குடியேற்றச் சோதனைக்கு நாங்கள் இறங்கி நடந்து போவோம். அவர் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நிற்பார். நாங்கள் வரிசையில் நின்று வருவதற்குள், டாஷ்போர்டு கொக்கியில் தொங்கிய நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் காலியாகி, இரண்டு கோழித் தொடை எலும்புகள் மட்டும் சுத்தமாகக் கிடக்கும். சாயங்காலம் திரும்பும்போது ஆட்டு சூப். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்து, பாலத்தில் ஜாம் பிடித்ததும் ஒரு ஸ்ட்ராவைச் செருகிக்கொள்வார். ஆட்டு சூப்பை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிய மனிதரை அவருக்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

தானும் சாப்பிடுவார், பிறரையும் விடமாட்டார். பேக்கிங்கில் வேலை செய்த சாந்திக்குப் பிரசவம் ஆனபோது, அவர்தான் வாரக்கணக்கில் ஆட்டு ஈரல் வறுவல் கொண்டுபோய்க் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். நாற்பது டப்பா ஆட்டுப் பிரட்டல், அண்ணியும் அவரும் சேர்ந்து சமைத்தது. மாட்டேன் என்று சொன்னால் கோபம் வராது, கண் கலங்கிவிடும். அதனால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து நான் ஏன் நடுங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

பஸ் கம்பெனி டிரைவர்களை வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் அனுப்பும். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் பஸ் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். எந்த மாதம் போவது என்பது டிரைவர் விருப்பம். அவர் தைப்பூசத்துக்கு மறுநாள் போவார். எல்லா வருஷமும் அதே நாள்தான்.

தைப்பூச விரதத்தை அவர் மாதிரி பிடிக்கிறவர்கள் குறைவு. மார்கழி முடிவதற்கு முன்பே மச்சத்தை நிறுத்திவிடுவார். ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, வாயில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே வந்தாலும் “முருகா” என்று பிரேக்கை அழுத்துவார். இரண்டு வாரத்தில் ஆள் மாறிவிடுவார். மூச்சு வாங்காது. பிடரி காய்ந்திருக்கும். அவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் தெரியும் கண்கள் வெள்ளையாக இருக்கும். பூசத்தன்று பால்குடம் எடுத்துவிட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போவார். பிரஷர், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்து, இந்த வயசுக்கு பிரமாதம் என்று டாக்டர் முதுகில் தட்டி அனுப்புவாராம். அங்கிருந்து நேராக ஆட்டிறைச்சிக் கடை.

“முருகன் பாஸ் பண்ணி விட்டுட்டான் தங்கச்சி. இனிமே ஒரு வருசத்துக்கு கேள்வி கிடையாது.”

“அப்ப மத்த நாளு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வீட்டுத் தண்ணி டேங்கிய வருசத்துக்கு எத்தன தடவ கழுவுவீங்க? ஒருவாட்டிதானே? அதே மாதிரிதான் ஒடம்பும்.”

ஏமாற்று வேலை என்று அவர் நினைக்கவே இல்லை. விரதம் உடம்பைக் கழுவிவிடுகிறது, கழுவினதை டாக்டர் பார்த்துச் சான்று சொல்கிறார், அவ்வளவுதான். எங்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கிளினிக்குக்குப் போய் வந்த மறுநாள் அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வர, பின்னாலிருந்து யாராவது “முருகனுக்கு அரோகரா” என்று சத்தம் போடுவார்கள்.

அந்த வேடிக்கை பாலத்தில் ஒரு காலையோடு போயிற்று.

தைப்பூசம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வழக்கமான ஜாம். இடது பக்கம் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. லாரி நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை. இடைவெளி பெரிதாகிக்கொண்டே போக, பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். “அண்ணே, லாரி போயிருச்சு” என்றேன். பஸ் அப்படியே நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னாலிருந்து வியர்வை வழிந்து காலரை நனைத்தது.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே கடல். திரும்பி மற்றவர்களைப் பார்த்தேன். நாற்பது பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். சாந்தியின் தலை மே லிங் ஆண்ட்டி தோளில் சாய்ந்திருந்தது.

“அண்ணே!” என்று கத்திவிட்டேன்.

அவர் யாரோ உலுக்கிவிட்டதுபோல் நிமிர்ந்தார். பஸ் ஒரு குலுக்கு குலுங்கி நகர்ந்தது.

“என்னா தங்கச்சி இப்படிக் கத்துறீங்க? வாயு லா. நேத்து ராத்திரி கொஞ்சம் ஆட்டுக்குடல்.”

அன்றைக்கு வேலையில் சரிபார்க்க என் கைக்கு வந்த பொருள் எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பஸ் நின்றிருந்த நேரத்தில் அது நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்திருந்தால்? நெடுஞ்சாலை இறக்கத்தில் நடந்திருந்தால்? என் மகளுக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு யார் தலை வாரி விடுவார்கள் என்றெல்லாம் யோசனை போயிற்று. பயந்த சுபாவம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் அதுவரை நான் பயந்ததெல்லாம் நடக்காத காரியங்களுக்கு. இது நடந்து, என் கண் முன்னால் நடந்து, மறுநாள் காலை மறுபடியும் அதே படியில் ஏற வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “வேற பஸ் பாரு” என்றார். நான் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டால் சாந்தி? மே லிங் ஆண்ட்டி? கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும், அவரை அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். அவருடைய கடைசி மகள் அப்போதுதான் நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். வாயு என்று சொல்கிற மனிதரின் சோற்றில் நான் எப்படி மண் போடுவது? போன் போட்டாலும் பயமாக இருந்தது, போடாவிட்டாலும் பயமாக இருந்தது. எத்தனையோ முறை எண்ணைத் தேடி எடுத்து, பார்த்துவிட்டு, மூடி வைத்தேன்.

அவரிடமே சொல்லிப் பார்த்தேன். “ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே.”

“போனேனே, பூசத்துக்கு மறுநாள். முருகனே பாஸ் பண்ணிட்டான். அவனுக்கு மேல எந்த டாக்டர் இருக்கான்?”

சரி, டாக்டர் பேச்சு எடுபடாது. எடுபடக்கூடியவன் முருகன் ஒருவன்தான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். விரதத்தில் அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று கண்ணால் பார்த்தவள் நான். விரதத்தை வருஷம் முழுக்க நீட்டிவிட்டால்?

அடுத்த கிருத்திகையன்று படியேறும்போதே ஆரம்பித்தேன். “அண்ணே, இன்னிக்கு கிருத்திகை. பொட்டலத்துல கோழி வச்சிருக்கீங்களா?”

“அடடா. யாரு சொன்னா?”

“கேலண்டர்ல போட்டிருக்குண்ணே.”

முகம் வாடிப்போயிற்று. ஆனால் தொடவில்லை. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியிடம் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சஷ்டி, பௌர்ணமி, அமாவாசை, பிரதோஷம், ஏகாதசி என்று வரிசையாக வந்தன. முதலில் சாந்திக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சாந்தி மே லிங் ஆண்ட்டிக்குச் சொன்னாள். ஆண்ட்டி தன் பங்குக்குச் சீனச் சாமிகளைக் கொண்டுவந்தார். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், குவான் யின் அம்மன் பிறந்தநாள் சைவம். அந்த நாட்களில் ஏறும்போதே விரலை ஆட்டி, “ஹரி இனி சாயுர் சாஜா, அபாங்” என்பார். இன்றைக்குக் காய்கறி மட்டும் என்று அர்த்தம். நம் சாமியையாவது சமாதானம் செய்துவிடலாம், சீனச் சாமியைப் பகைத்துக்கொள்ளும் தைரியம் அவருக்குக் கிடையாது.

ஆண்ட்டியே ஒருநாள் சீனர் சைவக் கடையிலிருந்து, சோயாவில் செய்த ஆட்டிறைச்சியைப் பஸ்ஸுக்கு வாங்கி வந்து கொடுத்தார். பார்வைக்கு அசல் ஆட்டிறைச்சி. அவர் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“இந்த ஆடு பொறக்கவே இல்ல லா தங்கச்சி.”

இப்படி நாட்களைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்தும் திங்கட்கிழமை மட்டும் எங்கள் கைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பெரிய பிடி பிடித்துவிட்டு வருவார். திங்கட்கிழமை காலை அவர் மூச்சுச் சத்தம் என் சீட்டுவரை கேட்கும். அன்றைக்கும் கோழித் தொடை உள்ளே போனால் எனக்கு உயிர் நடுங்கும். அதனால் ஒருநாள் நானாகவே ஒன்றைச் சொன்னேன்.

“அண்ணே, பாலத்துக்குக் காவலா ஒரு முனியாண்டி இருக்காராம். திங்கக்கெழம அவருக்கு விசேஷம். கவுச்சி வாடையோட பாலத்தத் தாண்டக் கூடாதாம்.”

கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முனியாண்டியா?”

“ஆமாண்ணே.”

“சைவமா?”

“ஆமா.”

“சரி தங்கச்சி” என்று பஸ்ஸை எடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள். “அக்கா, முனியாண்டிக்கு கெடா வெட்டுவாங்க. சாராயமும் சுருட்டும் வச்சுப் படைப்பாங்க. அவரப் போயி சைவமாக்கிட்டீங்களே!” எனக்கு முகம் செத்துவிட்டது. காவல் தெய்வத்தைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டோமே என்று அதற்கும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் பாலத்தைத் தாண்டும்போது மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அண்ணே அடுத்த திங்கட்கிழமை கோழி கொண்டுவரவில்லை. அதற்கு அடுத்த திங்களும் கொண்டுவரவில்லை. ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பூசம் வந்தது. விரதம், பால்குடம், மறுநாள் கிளினிக், முருகன் பாஸ். பிறகு பழையபடி ஆட்டிறைச்சிக் கடை. அரோகரா சத்தம் எழுந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

நாங்கள் சொன்ன சாமிகள் எவராலும் ஆகாத ஒன்றை அந்த வருஷம் ஒரு தண்ணீர் வெட்டு செய்தது. ஆற்றில் கோழிப் பண்ணைக் கழிவு கலந்துவிட்டதென்று சொல்லி, எங்கள் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், குழாயை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் லாரி வரும் என்று வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். திரும்பி வந்தால் வாளிகள் காலியாக அதே இடத்தில் இருக்கும். சிங்கப்பூரில் தொழிற்சாலைக் குளியலறையில் குளித்துவிட்டு, வரும்போது பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வந்தோம். குழாயில் தண்ணீர் வந்தபோதும் குடிக்கப் பயமாக இருந்தது. மகளுக்குக் கொடுக்கும் முன் நான் முகர்ந்து பார்ப்பேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை அவர் யாரிடமும் சமையல் பற்றிக் கேட்கவில்லை. ஜாமில் நின்றபோது அவராகவே பேசினார். பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

“நேத்து தாமான் ஆளுங்களோட ஆத்தப் பாக்கப் போனேன். கறுப்பாப் போவுது. நாத்தம் தாங்கல. மேல பூரா ஈ. நான் தெனம் ரெண்டு தொட திங்கறேன். இந்த பஸ்ஸுல நாப்பது பேரு. பாலத்துல எத்தன பஸ்ஸு நிக்குது, எண்ணிப் பாருங்க. அத்தன பேருக்கும் கோழி வேணும். அத்தன கோழியும் எங்கயாவது பேண்டுதானே ஆவணும்?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நம்ம தின்னது நம்ம டேங்கிக்கே வந்திருச்சு. பேரப்பிள்ளைக்கு பால் கலக்குற தண்ணி லா அது.”

அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாளிலிருந்து பொட்டலத்தில் கோழி இல்லை. சோறு, சம்பல், நெத்திலி, அரை முட்டை. நாங்கள் எந்த நாளையும் சொல்லாமலே நடந்தது. சூப்பும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. எங்களுக்கெல்லாம் அது தொற்றிக்கொண்டது. சாந்தி பயறு, சோயாவில் செய்த தெம்பே என்று டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தாள். நானும் வாரத்தில் பாதி நாள் மச்சம் சமைப்பதை நிறுத்தினேன். வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் மாடியேறினால் எனக்கே மூச்சு வாங்கவில்லை என்பது தெரிந்தது.

இருந்தாலும் என் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிடி குறையவில்லை. நெஞ்சைத் தடவுகிற கையும் நிற்கவில்லை. தடவிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருப்பேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் வழக்கம்போல் சீட்டுக்கு ஒரு டப்பா இருந்தது. தீபாவளி முடிந்து மறுநாள் காலை பஸ் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே எங்க?”

“தெரியல லா அக்கா. கிளினிக்குன்னு சொன்னாங்க. என்னை ஓட்டச் சொன்னாங்க.”

படியில் வைத்த காலை எடுக்க முடியவில்லை. பின்னாலிருந்து சாந்தி என்னைத் தள்ளி ஏற்றினாள். தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. விருந்து சாப்பிட்ட மறுநாள் கிளினிக்குக்கு ஒருவர் எதற்குப் போவார்? தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்றே நினைத்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் கழிவறைக்குப் போய்ப் போய் அடித்தேன். எடுக்கவில்லை. நான் அந்த ஒரு போனைக் கம்பெனிக்குப் போட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் அடித்தேன். பாலத்தைத் தாண்டும்போது மே லிங் ஆண்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மந்திரம் முணுமுணுத்தார்.

மசாயில் இறங்கும்போது வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் டீ சட்டையும், ஜப்பான் சிலிப்பர் என்று நாங்கள் சொல்லும் ரப்பர்ச் செருப்புமாக ஒருவர் நின்றார். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அண்ணேதான். இத்தனை வருஷத்தில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. என்னைவிடக் குள்ளம்.

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து பிழைத்துக்கொண்டதாகவும், பெக்கான் நானாஸில் மூத்த மகள் வீட்டோடு போய்விட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே ஒரு துண்டு இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிடுவதாகவும் சாந்தி விசாரித்துச் சொன்னாள்.

அன்றைக்கு அந்த நிறுத்தத்தில், “லைசென்ஸ் போச்சு தங்கச்சி” என்றார் அண்ணே. சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார், வரவில்லை. “நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம். எழுதிக் குடுத்துட்டாரு.”

உயிரோடு நிற்கிறார் என்ற ஒன்றைத் தவிர என் மூளைக்கு எதுவும் ஏறவில்லை. அழுகை வந்தது. “பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கேண்ணே. ஏன் இப்பப் போயி...” என்று உளறினேன்.

“அதனாலதான் இப்பப் போனேன். பூசத்துக்கு மறுநாள் போனா முருகன் பாஸ் பண்ணிருவான். அவன் நல்லவன். தீபாவளிக்கு மறுநாள் போனாத்தானே என் ரத்தம் உண்மையில என்னான்னு தெரியும்? நல்லா வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் போனேன். பாலத்துல நெஞ்சு பிடிச்சதையும் சொல்லிட்டேன். எதையும் மறைக்கல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, நாங்க சொன்ன நாளெல்லாம்... அந்த முனியாண்டி...”

“எங்கப்பா முனியாண்டி கோயில் பூசாரி, தங்கச்சி. கெடா வெட்டுறப்ப வாளிய பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்.”

“தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?”

அவர் தன் சிலிப்பரைப் பார்த்தார். “பயமா இருந்துச்சு லா. அன்னிக்கு பாலத்துல பிடிச்சதுலேர்ந்து தெனமும் பயம். வீட்ல போயி, பயமா இருக்கு, எனக்கு எறச்சி வேணாம்னு எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க. இன்னிக்கு சைவம்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நீங்க நாள் சொல்லச் சொல்ல எனக்கு நல்லதாப் போச்சு. எப்படா படியேறுவீங்க, என்னா சாமி சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.”

நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். எனக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், அந்த மனிதர் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்.

“வருமானத்துக்கு என்னண்ணே பண்ணுவீங்க? இன்னும் கொஞ்ச நாளு பூசம் வரைக்கும் ஓட்டியிருக்கலாமே” என்று நான் கேட்டது அபத்தம்தான். இறங்கமாட்டாரா என்று ஏங்கியவளும் நான்தான்.

“ஓட்டியிருப்பேன். போன பூச விரதத்துல ஒருநாள் கண்ணாடியப் பாத்தேன். நீங்க தூங்கிட்டு வந்தீங்க. வாயத் தொறந்துகிட்டு நல்ல தூக்கம். என்னாடா இது, இந்த அம்மா தூங்கி நாம பாத்ததே இல்லையேன்னு தோணுச்சு. அப்புறம் கவனிச்சேன். விரதம் முடிஞ்சு நான் மறுபடி மச்சம் தொட்டதும் நீங்க தூங்கறத நிறுத்திட்டீங்க.”

நான் எப்போது தூங்கினேன், எப்போது விழித்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“டாக்டரு காகிதத்தப் பாத்துட்டு ஆடிப்போயிட்டாரு. ‘இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு எப்படிய்யா நாப்பது பேர ஏத்திக்கிட்டு தெனம் பாலம் தாண்டுனே?’ன்னு கேட்டாரு” என்றார். கண்ணாடி இல்லாமல் அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தார். “நான் எங்க ஓட்டுனேன் டாக்டர், எனக்குப் பின்னால ஒரு தங்கச்சி தூங்காம உக்காந்திருந்தாங்கன்னு சொன்னேன்.”